பதினோராம் நம்பர் வண்டி

தாண்டவராயன் கடையில் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுப்பதற்குள் பாதி ஆயுசு போய்விடும் என்று கூட்டுரோட்டில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்கள், ஆனால் ரொம்பவும் இல்லை. வந்தவரை நிற்க வைத்துவிட்டு, வண்டியைக் கடைவாசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தள்ளிக்கொண்டு போவார். முன்பிரேக்கை அழுத்துவார், பின்பிரேக்கை அழுத்துவார், இரண்டையும் சேர்த்து அழுத்துவார். பிறகு குனிந்து, பிரேக் கட்டை ரிம்மில் ஒழுங்காகப் படிகிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார். இப்படி மூன்று நடை. சந்தைக்கு நேரமாகிறது என்று யாராவது முணுமுணுத்தால், "நடந்து போயேன், யாரு வேணான்னாங்க" என்பார். பிரேக்கு தாண்டவராயன் என்று பெயரே நிலைத்துவிட்டது.

பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவரில்லை. எழுபத்து நாலுக்கு முன்னால் அவரைப் பார்த்தவர்களைக் கேட்டால் வேறு ஆளைப் பற்றிப் பேசுவார்கள். கணியம்பாடிப் பக்கம் மானாவாரிக் குடும்பத்தில் மூன்றாவது மகன். ஏர் பிடிக்க உடம்பு வணங்காமல் வேலூருக்கு ஓடிப்போய், ஒரு கடையில் பஞ்சர் ஒட்டப் பழகி, அறுபத்திரண்டில் ஐந்து பழைய சைக்கிள்களோடு ஜவ்வாது மலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார். கலசப்பாக்கத்துச் சாலையும் மலைக்கு ஏறும் வண்டிப்பாதையும் சேருகிற இடத்தில் கூரை போட்டார். ஐந்து வண்டி பத்து வருடத்தில் இருபத்திரண்டு ஆயிற்று. ஒவ்வொன்றின் பின் மட்கார்டிலும் வெள்ளைப் பெயிண்டில் தன் கையால் நம்பர் எழுதினார். வாயைத் திறந்தால் சிரிப்பு, மூடினால் சீட்டி. அவர் மனைவி நீலாவதி, "உங்களுக்குக் கவலைன்னு ஒண்ணு வெச்சிப் படைக்கவே இல்ல அந்த ஆண்டவன்" என்று அலுத்துக்கொள்வாள்.

அப்போதெல்லாம் சொந்தமாகச் சைக்கிள் வைத்திருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பெண் பார்க்கப் போனாலும் வாடகைச் சைக்கிள்தான், சாவு சொல்லப் போனாலும் வாடகைச் சைக்கிள்தான். கூட்டுரோட்டில் மட்டும் மூன்று கடைகள் இருந்தன, மூன்றுக்கும் வேலை இருந்தது. அடிவாரத்து ஆட்களுக்கு முகத்தைப் பார்த்து வண்டி கொடுப்பார்கள். இன்னாரின் மகன், இன்ன தெரு என்று தெரிந்தால் போதும். மலையிலிருந்து புளியும் சாமையும் கொண்டு இறங்குகிறவர்களுக்குத்தான் சிக்கல். எந்த மடிப்பில் எந்த ஊர், அங்கே யாருக்கு யார் என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. மற்ற இரண்டு கடைக்காரர்கள் அவர்களுக்கு வண்டியே கொடுப்பதில்லை. தாண்டவராயன் ஒரு வழி கண்டுபிடித்தார். கொடுவாளை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

மலைக்காரருக்குக் கொடுவாள் இல்லாமல் ஒரு நாள் நகராது. முள் வெட்ட, கிளை கழிக்க, வழி செய்ய எல்லாவற்றுக்கும் அதுதான். எப்படியும் திரும்பி வந்துதானே ஆகவேண்டும். கடையின் உள்சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஆணிக்கு மேலே வண்டி நம்பரையும் எழுதிவைத்தார். முதல் தடவை வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சு: "வண்டி வந்தா கொடுவாளு. வண்டி வராம கொடுவாளு இல்ல." அவர் அதை வியாபாரத்துக்காகச் சொன்னார். அவர்கள் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு வண்டிகூடத் தவறியதில்லை.

எழுபத்து நாலு பங்குனியில் ஒரு சந்தை நாள். காலையிலேயே இருபத்தொரு வண்டிகள் போய்விட்டன. மிச்சம் நின்றது பதினோராம் நம்பர். அதன் பின்பிரேக் கட்டை தேய்ந்து, இரும்பு ரிம்மை உரசிக்கொண்டிருந்தது. மாற்றவேண்டும் என்று சுவரோரம் சாத்திவைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. புதுக் கட்டை டப்பாவிலேயே இருந்தது. எடுத்து மாட்டக் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரம்தான் வாய்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டார்.

சடையன் வந்தார். வழக்கமாக வருகிறவர்தான், அதிகம் பேசாத மனிதர். மலைக்காரர்கள் வெறும் வண்டியைப் பாறைமேடு வரைக்கும் தள்ளிக்கொண்டு ஏறுவார்கள். அங்கே இறக்கி வைத்திருக்கும் புளி மூட்டைகளைக் கேரியரில் கட்டி, பிரேக்கைப் பிடித்துப் பிடித்துச் சரிவில் உருட்டிக்கொண்டு வருவார்கள். அதுதான் அவர்கள் வேலைமுறை.

"பின்பிரேக்கு செத்துட்ச்சி சடையா. நாளைக்கு வாயேன்" என்றார் தாண்டவராயன்.

சடையன் மலையைப் பார்த்தார். உச்சியில் மேகம் கறுத்திருந்தது. "மழ எறங்கினா புளி கறுத்துப் பூடும்ங்க. ஒரு நடதான்."

"சரி, முன்பிரேக்க நம்பிப் போ. மெதுவா" என்று சொல்லிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே கொடுவாளை வாங்கி ஆணியில் மாட்டினார். சடையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பாதையில் திரும்பும்போது ஒருதரம் மணியடித்தார். பதினொன்றின் மணிக்கு மூடி விண்டிருக்கும். நீளமாகத் தொடங்கி நடுவில் நெரிபடும் சத்தம், கிர்ர்ர்... டக். இருபத்திரண்டு வண்டியின் மணியும் தாண்டவராயனுக்குக் காதில் அத்துப்படி.

மத்தியானம் மழை கொட்டியது. வண்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நாலாம் நாள் அவரே பாதையில் ஏறிப்போனார். மழை எல்லாத் தடத்தையும் கழுவியிருந்தது. பாறைமேட்டுக்குக் கீழே ஒரு கொண்டைவளைவு. வளைவுக்கு அடியில் பாறைச்சரிவு, அதற்கும் கீழே கன்னிமார் மடு. பச்சையாகத் தேங்கிக் கிடக்கும் அந்த நீரில் யாரும் கால் நனைப்பதில்லை. வளைவில் கல் இடுக்கில் நாலைந்து புளியம்பழம் கிடந்தது. மலை முழுக்கப் புளியமரம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டார். அன்றைக்கு இரவு நீலாவதி போட்ட சோறு அப்படியே இருந்தது.

சந்தைக்கு வரும் மலைக்காரர்களை விசாரித்தார். "தெரியலங்க" என்றார்கள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார்கள். ஒருவர் இருவரல்ல, எல்லோரும். அதற்குமேல் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். அவர் மடியில் ஒரு பிரேக் கட்டையின் கனம் இருந்தது.

அந்த வாரத்திலிருந்து அவர் சைக்கிள் மிதிக்கவில்லை, சீட்டியும் அடிக்கவில்லை. மூன்று நடை பிரேக் பரீட்சை அப்போது ஆரம்பித்ததுதான்.

அடுத்த பங்குனியில் ஒரு பெண் தலையில் புளிக்கூடையோடு இறங்கி வந்தாள். கடைக்கு எதிரே கூடையை இறக்கி வைத்துவிட்டு, உள்சுவரில் பதினொன்று என்று எழுதிய ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சி வேளை. சாலையில் ஒரு நாய்கூட இல்லை.

"சடையன் வூட்டு ஆளுங்க நானு. மங்கம்மா" என்றாள். "அந்த வண்டி வந்துச்சாங்க?"

"வர்லம்மா."

தலையாட்டினாள். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் தாண்டவராயன் பார்த்தது அவள் நெற்றியை. காலணா அகலத்துக்குக் குங்குமம், கை நிறையக் கண்ணாடி வளையல்.

தாண்டவராயனுக்குத் தெரிந்த உலகத்தில் குங்குமத்துக்கு ஒரே அர்த்தம்தான். அவருடைய அக்கா பூங்கோதைக்கு இருபத்திரண்டு வயதில் நாலு பெண்கள் சேர்ந்து நெற்றியைத் துடைத்ததைச் சின்னப் பையனாக நின்று பார்த்தவர் அவர். அதற்குப் பிறகு அக்கா கணியம்பாடி வீட்டின் பின்கட்டை விட்டு வெளியே வந்ததே இல்லை. இந்தப் பெண் புருஷன் உயிரோடு இருப்பதாக நம்புகிறாள். கொடுவாள் ஆணியில் தொங்குகிற வரைக்கும் அவன் எங்கோ வழியில் இருக்கிறான் என்று கணக்கு வைத்திருக்கிறாள். தாண்டவராயனாக முடிவு கட்டிக்கொண்டது இது. யாரையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை. அந்தக் கொடுவாளை அங்கேயே தொங்கவிடுவது தன் தலையில் விழுந்த கடமை என்று எடுத்துக்கொண்டார்.

வருடா வருடம் பங்குனியில் அவள் வந்தாள். வருடா வருடம் அதே கேள்வி, அதே பதில், அதே குங்குமம்.

இதற்கிடையில் ஊர் மாறிக்கொண்டிருந்தது. எழுபத்தெட்டில் கூட்டுரோடு வரைக்கும் பஸ் வந்தது. மாப்பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்காத கல்யாணம் நடக்கவில்லை. டவுனில் மாதத் தவணைக்குப் புதுச் சைக்கிள் கொடுத்தார்கள். எண்பது தாண்டியதும் மொபெட்டும் வந்துவிட்டது. வாடகைக்கு எடுக்கிறவன் ஏழை என்று ஆகிப்போனது. மூன்று கடையில் ஒன்று சோடாக் கடையாயிற்று, இன்னொன்றில் ஒருவன் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு காலையிலிருந்து பாட்டுப் போட்டான். வந்துகொண்டிருந்த நாலு பேரையும் தாண்டவராயன் தன் மூன்று நடையால் துரத்திவிட்டார். வண்டிகளை ஒவ்வொன்றாக விற்றார். "ஊரே மாறுது, நீங்க மட்டும் இந்தக் கூரைக்கு முட்டுக் குடுத்துக்கினு நில்லுங்க. படவேட்டுல எங்க அண்ணன் கடையில கணக்குப் பாக்கக் கூப்பிடறாரு" என்று நீலாவதி நூறு தடவை சொன்னாள். அவர் ஆணியைப் பார்ப்பார். அவளும் பார்ப்பாள்.

பார்க்கிறபோது அவளுக்கு ஒன்று உறுத்தியது. அடிவாரத்து மழைக்காலத்தில் ஸ்பேனர், சுத்தியல், பூட்டு எல்லாம் துருவேறிச் சிவந்துபோகும். அந்தக் கொடுவாள் மட்டும் பளிச்சென்று இருந்தது. "எண்ணெ போடறீங்களா அதுக்கு?" என்று ஒரு நாள் கேட்டாள். அவர் அதை மாட்டிய நாளுக்குப் பிறகு தொட்டதே இல்லை. "நீ போடறேன்னு நெனச்சேன்" என்றார். அதற்குப் பிறகு நீலாவதி கடைக்குள் பெருக்க வருவதை நிறுத்திவிட்டாள்.

பேய் பிசாசு ராத்திரியில்தான் உலாவும் என்று சொன்னவர்கள் பங்குனி உச்சி வெயிலில் அந்தக் கூட்டுரோட்டில் உட்கார்ந்து பார்த்ததில்லை. நிழல் காலடிக்குள் சுருங்கிக்கொள்ளும். இலை அசையாது. அந்த நேரத்தில்தான் மலைப்பாதையிலிருந்து கேட்கும், கிர்ர்ர்... டக். தாண்டவராயன் சட்டென்று நிமிர்வார். பாதையில் வெள்ளைப் புழுதியைத் தவிர ஒன்றும் இருக்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீங்கள் சொல்லலாம், அவரும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆனால் இது கண்ணில் பட்டதில்லை, காதில் விழுந்தது. அவர் காது மணி விஷயத்தில் ஒரு நாளும் தப்பியதில்லை.

எண்பத்து மூன்றில் மழையே இல்லை. ஏரி வெடித்தது, கிணறுகள் கல்லைக் காட்டின. ஒரு நாள் காலையில் ஆடு மேய்க்கும் சக்கரவர்த்தி கடைக்கு வந்தான். "அண்ணே, கன்னிமார் மடு வத்திட்ச்சி. சேத்துல சைக்கிள் ஒண்ணு கைய நீட்டிக்கினு கீது. உனுக்கு ஆவுமா பாரு" என்றான்.

தாண்டவராயன் தனியாகப் போனார். காய்ந்த சேற்றுக்கு மேலே கைப்பிடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. தோண்டி எடுத்தார். மட்கார்டைக் கையால் தேய்த்தார். பதினொன்று. முன்பிரேக்கின் கம்பி முறிந்து தொங்கியது. பின்பிரேக்கைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை, இருந்தும் பார்த்தார். மணி இருந்த இடத்தில் மணி இல்லை. ஒன்பது வருடமாகத் தெரிந்ததுதான், இப்போது கையில் அகப்பட்டது. அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு செய்ததுதான் இன்னும் மோசம். வண்டியைச் சாக்கால் மூடிக் கொண்டுவந்து, கொல்லையில் கழுவித் துரு சுரண்டி, டயர் மாற்றி, பிரேக் கம்பியும் இரண்டு பிரேக்குக்கும் புதுக் கட்டையும் மாட்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்தார். பதினொன்றுக்கு மேல் நாலு என்று எழுதினார். பழைய நாலாம் நம்பரை ஏற்கெனவே விற்றாகிவிட்டது. நீலாவதி பின்வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வண்டி கிடைத்தது என்று சொன்னால் சடையன் செத்தது உறுதியாகிவிடும், அந்தப் பெண்ணின் நெற்றியைத் துடைத்த பாவம் தனக்கு வந்து சேரும் என்று அவர் சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. மீதிப் பாதி பிரேக். அடுத்த பங்குனியில் அவள் வந்து, "வண்டி வந்துச்சாங்க?" என்று கேட்டபோது, "வர்லம்மா" என்றார். முதல் தடவையாக அது பொய். வண்டி அவளுக்கு நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தது.

அந்த நாலாம் நம்பரை எடுத்துப் போனவர்கள் கால் மணியில் திரும்பி வந்துவிடுவார்கள். "கலசப்பாக்கம் ரோட்ல திருப்பினா திரும்ப மாட்டேங்குது அண்ணே. மலப் பக்கமே இழுக்குது" என்பார்கள். கைப்பிடியைச் சரிசெய்தார், முன்சக்கரத்தின் ஸ்போக்ஸை முறுக்கினார், ஃப்ரேமை நூல் பிடித்துப் பார்த்தார். கோணல் எங்கேயும் இல்லை. காலையில் கடையைத் திறந்தால் மற்ற வண்டிகளின் முன்சக்கரம் சாலையைப் பார்த்திருக்கும், அது மட்டும் மலையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பிறகு அதை யாருக்கும் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

எண்பத்தாறு பிறந்தது. கடையில் மூன்றே வண்டிகள். இடத்துக்காரர் சித்திரை ஒன்றாம் தேதிக்குள் காலி செய்து கொடுக்கச் சொல்லிவிட்டார், அங்கே மொபெட் ரிப்பேர் கடை வருகிறதாம். மற்றவர்களுக்குக் கடை போவது வயிற்றுப்பாடு. தாண்டவராயனுக்குக் கவலை வேறு. ஆணி போய்விட்டால் கொடுவாளை அந்தப் பெண்ணின் கையில்தான் கொடுக்கவேண்டும். கையில் கொடுத்தால், உன் புருஷன் இனி வரமாட்டான் என்று சொன்ன மாதிரி. அதை எப்படிச் சொல்வது என்று அந்தப் பங்குனி முழுவதும் பாதையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் விடாமல் மணி கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் வந்தாள். இந்தத் தடவை கூடையில்லை. கூடவே ஒரு ஆள், பழைய சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவளுடைய குங்குமம் வேர்வையில் லேசாகக் கரைந்திருந்தது.

"இவரு கோபால்சாமி. எங்க வூட்டுக்காரரு" என்றாள் மங்கம்மாள்.

தாண்டவராயனுக்கு முதலில் காதில் ஏறவில்லை. "யாரு?"

"எங்க வூட்டுக்காரருங்க. கட்டிக்கினு பதினோரு வருசம் ஆவுது."

"அப்ப... சடையன்?"

"அவரு செத்துப் பூட்டாருங்களே" என்றாள், ஊருக்கே தெரிந்த சங்கதியைச் சொல்கிற மாதிரி. "அந்த மழையிலயே. வளைவுக்குக் கீழ பாறையில கெடந்தாரு. மூணாம் நாளு கண்டோம். போலீசுக்குத் தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயி அறுத்து மூட்டையாக் கட்டிக் குடுப்பாங்கன்னு ஊர்ல பயந்துட்டாங்க. எங்க நெலத்துலயே பொதைச்சிட்டோம். கீழ யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும்னு பேச்சி."

அவர் அவள் நெற்றியையே பார்த்தார். பதினோரு வருடமாக அவர் காவல் காத்த குங்குமம் வேறொருவருக்காக வைத்தது. மலையில் புருஷன் செத்த பெண் வேறு கல்யாணம் கட்டிக்கொள்வது வழக்கம் என்று சந்தையில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"அப்ப நீ வருசா வருசம் எதுக்கும்மா வந்த?"

"கொடுவாளுக்குத்தாங்க." மங்கம்மாள் ஆணியைப் பார்த்தாள். "எங்க ஊர்ல ஆம்பள செத்தா அவங்க கொடுவாளத் தலமாட்டுல நடணும். அப்பதான் அவங்களுக்கு வழி முடியும். இல்லன்னா அதத் தேடிக்கினு நடந்துக்கினே இருப்பாங்க. உச்சி வேளையில அவரப் பாதையில பாத்தவங்க எங்க ஊர்ல நாலு பேரு கீறாங்க. நானே ஒரு வாட்டி பாத்தேன்."

"கேட்டிருக்கலாமே. குடுத்திருப்பனே" என்றார்.

"எப்பிடிங்க கேக்கறது? வண்டி வராம கொடுவாளு இல்லன்னு நீங்கதான சொன்னீங்க. வண்டியத் தொலச்சிட்டு எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேக்கறது? மடு கன்னிமாரு எடம், அதுல எறங்கித் தேட எங்க ஆளுங்க ஒத்துக்கல. யாராச்சும் கண்டெடுத்துக் கொணாந்து உட்டாங்களான்னுதான் கேட்டுக் கேட்டுப் போனேன்."

கோபால்சாமி தள்ளிவந்த சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். "கட மூடறாங்கன்னு சந்தையில சொன்னாங்க. அதான் இந்த வருசப் புளியப் போட்டு இத வாங்கினோம். வண்டிக்கு வண்டி. இத வெச்சிக்கினு அந்தாளு கொடுவாளக் குடுங்க" என்றார்.

பழக்கம் விடாமல் தாண்டவராயனின் கண் பிரேக்குக்குப் போனது. முன்னாலும் பின்னாலும் புதுக் கட்டை போட்டிருந்தார்கள்.

எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். அந்த வண்டியை வாங்கிக்கொண்டு, எட்டிக் கொடுவாளைக் கழற்றிக் கொடுத்தால் முடிந்தது. சித்திரை ஒன்றாம் தேதி கதவைச் சாத்திவிட்டுப் படவேட்டுக்குப் போய்விடலாம். மடுவும் பேசாது, நீலாவதியும் பேச மாட்டாள். அவர் எழுந்துபோய் ஆணியில் கையும் வைத்துவிட்டார். அப்போது கேட்டது. பாதை மேலிருந்து, எப்போதையும்விடக் கிட்டத்தில், கிர்ர்ர்... டக். மற்ற இருவர் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை.

தாண்டவராயன் கையை எடுத்துவிட்டார். மூலையில் நின்ற நாலாம் நம்பரை வெளியே தள்ளிவந்தார். ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் மட்கார்டைச் சுரண்டினார். நாலு உதிர்ந்தது. அடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"வண்டி வந்துடுச்சிம்மா" என்றார். "மூணு வருசம் ஆவுது. நான்தான் மறைச்சேன்." பிறகு பின்பிரேக்கைப் பற்றியும் சொன்னார். தேய்ந்தது தெரிந்தும் கொடுத்ததை, டப்பாவிலேயே இருந்த கட்டையை, எல்லாவற்றையும் சொன்னார்.

கோபால்சாமி வேறு பக்கம் பார்த்தார். மங்கம்மாள் அந்த இரண்டு கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"பிரேக்கு இல்லன்னு அவரும் தெரிஞ்சிதான் எடுத்தாந்தாரு. அது அவரு விதின்னு வெச்சிக்கலாம்ங்க" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "வண்டி கெடைச்ச அன்னிக்கே சொல்லியிருந்தா, இந்த மூணு வருசம் அவரு நடந்திருக்க வேணாம்."

அவர் கொடுவாளைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். பன்னிரண்டு வருடம் கழித்துத் தொடுகிறார். உச்சி வெயிலில் இரும்பு சுடவேண்டும், அது மடுத் தண்ணீரைப் போல ஜில்லென்று இருந்தது. கொண்டுவந்த வண்டியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்றார். பிறகு, தானும் வரலாமா என்று கேட்டார். "நாளைக்குக் காலையிலதாங்க கொடுவாள நடறோம்" என்று மட்டும் சொன்னாள் மங்கம்மாள்.

மறுநாள் விடிந்ததும் போனார். பதினொன்றைத் தள்ளிக்கொண்டே போனார், ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. தள்ள வேண்டிய வேலையே இருக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும், வண்டி மேட்டில் தானே ஏறியது.

சாமை விளையும் ஒரு சிறிய நிலத்தின் ஓரத்தில் கற்களை அடுக்கியிருந்தார்கள். தலைமாட்டில் மங்கம்மாள் கொடுவாளை நட்டு, அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். கோபால்சாமி தேங்காய் உடைத்தார். யாரும் அழவில்லை. தாண்டவராயன் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வண்டியில மணி ஒண்ணு இருந்துச்சி. அது மட்டும் மடுவுல இல்ல."

"அவரு கையில இருந்துச்சிங்க" என்றாள். "முட்டி மூடிக்கினு கெடந்தாரு. வெரலப் பிரிக்க முடியல. அப்பிடியே வெச்சிப் பொதைச்சிட்டோம்."

உச்சி வேளையில் தன் காதில் விழுந்த மணியைப் பற்றித் தாண்டவராயன் அவர்களிடம் சொல்லவில்லை. பிற்பாடு நீலாவதியிடம் மட்டும் சொன்னார்.

புறப்படும்போது மங்கம்மாள் ஒரு சொம்பில் மோர் கொடுத்தாள். "அடுத்த பங்குனிக்கு நான் வர மாட்டேங்க" என்றாள்.

இறங்கும்போது உச்சிப் பொழுது. வண்டி இப்போது எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. கொண்டைவளைவுக்கு வந்ததும் கொஞ்சம் நின்று காது கொடுத்தார். மடுவில் மறுபடி தண்ணீர் நின்றது, அதன்மேல் ஒரு இலை விழுந்தது, அதுகூடக் கேட்டது. மணி கேட்கவில்லை. சரிவில் வண்டி தன் பாரத்தில் உருளத் தொடங்கியது. அவர் பின்பிரேக்கை மட்டும் அழுத்தினார். நின்ற இடத்திலேயே இறுகப் பிடித்துக்கொண்டது. எண்பத்து மூன்றில் அந்தக் கட்டையை எடுத்து மாட்ட அவருக்குக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.